ஒன்பதாவது கை

இருங்கோ தம்பி, இருங்கோ. இந்தப் பையை மடியில வைக்கிறன், ரெண்டு பேருக்கும் இடம் காணும். இண்டைக்கு இந்த பஸ் ஊர்ந்துதான் போகும், ரோட்டு முழுக்கச் சினோ கொட்டிக் கிடக்கு. நீங்கள் தமிழ்தானே? போனில தமிழ் எழுத்துத் தெரிஞ்சுது, அதுதான் கேட்டனான். குறை நினைக்காதேங்கோ, எட்டிப் பாத்திட்டன். ஏதோ ஒரு நாட்டு ஃபுட்போல் ரீமுக்கு அடுத்த கோச் ஆராம் எண்டு போட்டுக் கிடக்கு. நாலு பேற்ற படம். நாலு பேரும் கோட்டுப் போட்டு, தாடியை வடிவா வெட்டி. அவைக்கென்ன, ஒருத்தன் இல்லாட்டி இன்னொருத்தன்.

நானும் அந்த அலுவலாத்தான் போறன், தெரியுமோ? பகிடி இல்லைத் தம்பி. மூண்டு மணிக்குக் கூட்டம். தேசிய அணிக்கு அடுத்த கோச் ஆர் எண்டு முடிவெடுக்கிற கூட்டம். தெரிவுக் கொமிற்றிக்கு நான்தான் தலைமை. பதினொரு வருஷமா நான்தான்.

எந்தத் தேசம் எண்டு கேக்கிறியள். உதைத்தான் எல்லாரும் கேக்கிறவை. எங்கட தேசம்தான். எங்களுக்கு நாடில்லை, ஆனா தேசிய அணி இருக்கு. சிரிக்காதேங்கோ. எங்களை மாதிரி நாடில்லாத சனம் உலகத்தில எக்கச்சக்கம். அவையெல்லாம் சேர்ந்து ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா தங்களுக்கெண்டு ஒரு உலகக்கிண்ணம் விளையாடினம். ரீவியில காட்டிறேல்லை, பேப்பரில வாறேல்லை. ஆனா அங்கயும் கோல் எண்டால் கோல்தான். எங்கட பெடியள் ஏழெட்டு நாட்டில இருந்து வருவாங்கள். சுவிஸ், நோர்வே, ஜேர்மனி, பிரான்ஸ், லண்டன், இஞ்ச கனடா. வேலையில லீவு போட்டிட்டு வருவாங்கள். விளையாட்டுக்கு நாலு நாள் முந்தித்தான் ஒருத்தன்ர முகத்தை ஒருத்தன் பாக்கிறது. அஞ்சாம் நாள் மைதானத்தில இறங்கோணும். இதுக்கு ஒரு கோச். சொல்லுங்கோ, லேசான வேலையோ?

இந்த முறை மூண்டு விண்ணப்பம் வந்து கிடக்கு. ஒருத்தர் தன்ர கலியாணப் படத்தை ஒட்டி அனுப்பியிருக்கிறார். தலைப்பாகையும் மாலையுமா. வேற படம் கைவசம் இல்லையாம். ரெண்டாவது ஆளுக்கு ஃபுட்போல் தெரியாதாம், ஆனா ஆக்களை வைச்சு வேலை வாங்கத் தெரியுமாம், ரெண்டு மரக்கறிக் கடை நடத்திறாராம். மூண்டாவது ஒரு சின்னப் பெடியன், இருபத்திரண்டு வயசு. கொம்பியூட்டர் விளையாட்டில பதினாலு தரம் உலகக்கிண்ணம் வெண்டவனாம். வடிவா எழுதியிருக்கிறான், பாவம்.

வரவேண்டிய விண்ணப்பம் மட்டும் வரேல்லை. அது என்ர மகளின்ர விண்ணப்பம். மைதிலி எண்டு பேர்.

பொறுங்கோ, முதலில இருந்து சொல்லுறன். இல்லாட்டி நான் ஏதோ பெரிய பிழை விட்ட மனிசன் மாதிரி உங்களுக்குத் தெரியும். நான் பிழை விடேல்லை. அதை இப்பவே சொல்லிப்போட்டன்.

என்ர பேர் தில்லையம்பலம். ஊரில ரெஃபரி தில்லை எண்டால்தான் தெரியும். எங்கட ஊர் பூவரசந்துறை, கடற்கரை. எழுபத்தொன்பதாம் ஆண்டு எங்கட ஊருக்கும் பக்கத்து ஊருக்கும் ஃபைனல். வாறன் எண்ட ரெஃபரிக்குக் காய்ச்சல். விளையாட்டை நிப்பாட்டிறதோ எண்டு யோசிக்கேக்க, பக்கத்து ஊர்க்காரரே சொன்னவை, 'தில்லை நியாயமான பெடியன், அவன் ஊதட்டும்' எண்டு. முடிய மூண்டு நிமிஷம் கிடக்கேக்க கோலுக்கு முன்னால எங்கட ஊர்ப் பெடியன்ர கையில பந்து பட்டுது. நான் ஊதினன். பெனால்ரி! என்ர சொந்த ஊருக்கு எதிரா. ஊர் தோத்துது. கல்லு வந்து விழுந்துது. மூண்டு மாசம் எங்கட சனம் என்னோட முகம் குடுத்துக் கதைக்கேல்லை. ஆனா தம்பி, அண்டைக்குப் பக்கத்து ஊர்ச் சனம் அத்தனையும் எழும்பி நிண்டு கைதட்டினது. ஆயிரம் பேருக்குக் குறையாது. எனக்கு, எனக்கு மட்டும் தட்டினது. இண்டைக்கும் சாவீடு கலியாணவீடு எண்டு போனால் ஆராவது காட்டிச் சொல்லுவினம், 'சொந்த ஊருக்குப் பெனால்ரி குடுத்த மனிசன் இவர்தான்' எண்டு. ஒரு மனிசனுக்கு வேற என்ன வேணும்?

மைதிலி இஞ்ச பிறந்தவள். ஒரே பிள்ளை. சனி ஞாயிறில நான் லீக் ஆட்டங்களுக்கு ஊதப் போகேக்க அவளையும் கூட்டிக்கொண்டு போவன். கோட்டுக்கு வெளியில கொடியும் கையுமா நிப்பாள். ஏழு வயசில எனக்குச் சொன்னவள் தம்பி, 'அப்பா, அது ஓஃப்சைட் இல்லை, நீங்கள் பிழையாப் பாத்திட்டியள்' எண்டு. நான் ஏசிப்போட்டன். ரெஃபரிக்கு எதிரா வாய் காட்டக்கூடாது. வீட்டை வந்து யோசிச்சுப் பாத்தன், ஓஃப்சைட் இல்லைத்தான். அதை அவளுக்குச் சொல்லேல்லை. சொன்னால் பேந்து பிள்ளைக்கு ரெஃபரியில மதிப்பிருக்காதெல்லோ.

பிறகு அவளும் விளையாடினவள். முழங்கால் பழுதாப் போச்சு. அழுதுகொண்டு படுத்திருக்கிற பிள்ளை இல்லை அவள். பள்ளிக்கூடத்தில விளையாட்டு ரீச்சர் வேலை எடுத்தாள், கோச்சுக்குப் படிச்சாள், ஒவ்வொரு படியா லைசென்ஸ் எடுத்தாள். எங்கட ஆக்களுக்குள்ள அந்தளவு படிச்ச ஆள் ஆம்பிளையளிலயும் இல்லை. நாலு வருஷம் எங்கட அணிக்கு உதவிக் கோச்சா இருந்தவள். அப்ப இருந்த பெரிய கோச் நல்ல மனிசன், ஆனா படம் எடுக்கேக்கதான் முன்னுக்கு வந்து நிப்பார். வேலை முழுக்க இவள்தான்.

அவள் என்ன செய்தவள் தெரியுமோ? பெடியளுக்குப் பொதுவா ஒரு பாஷை இல்லைத் தம்பி. சுவிஸ் பெடியன் ஜேர்மன் கதைப்பான், பிரான்ஸ் பெடியன் பிரெஞ்சு, நோர்வேக்காரன் தன்ர பாஷை. இங்கிலிஷ் சிலதுக்கு ஓடும், சிலதுக்கு ஓடாது. தமிழோ, வீட்டில தாய் கதைக்கிற தமிழ் மட்டும்தான் தெரியும். சாப்பிடு, படு, ஏசுற தமிழ். இவள் என்ன செய்தாள் எண்டால், இருபத்துமூண்டு பெடியளின்ர தாய்மாருக்கும் போன் எடுத்தாள். 'அன்ரி, உங்கட மகனைக் கூப்பிடேக்க என்னெண்டு கூப்பிடுவியள்? அவசரத்துக்கு என்ன சொல்லுவியள்? அவன் ஏதும் உடைக்கப்போறான் எண்டால் என்ன சொல்லிக் கத்துவியள்?' எண்டு கேட்டுக் கேட்டு எழுதினாள். ஒரு கிழமையா இதே வேலை. எனக்கு விசராக்கிடந்துது. ஃபுட்போலுக்கும் தாய்மாற்ற ஏச்சுக்கும் என்ன சம்பந்தம் எண்டு கேட்டன். சிரிச்சாள்.

பேந்து மைதானத்தில பாத்தன். கோட்டுக்கு வெளியில நிண்டு கத்திறாள், 'பொறு, பொறு, பொறு... விடு அதை! இஞ்சால வா! கெதியா!' எண்டு. அத்தனை பெடியளுக்கும் விளங்குது. யோசிக்காமலே கால் ஓடுது. எதிர் ரீமுக்கு ஒரு சொல்லும் விளங்கேல்லை. அந்த முறைதான் எங்கட அணி மூண்டாம் இடம் வந்தது. வெண்கலப் பதக்கம். கோல்கீப்பர் பெடியன் பதக்கத்தைக் கொண்டுவந்து இவளின்ர கழுத்தில போட்டவன். நான் பக்கத்திலதான் நிண்டனான். நெஞ்சு நிறைஞ்சுபோச்சு. கண்ணாடியைத் துடைக்கிற மாதிரிக் கண்ணைத் துடைச்சன். அவளுக்கு ஒண்டும் சொல்லேல்லை. சொல்லோணும் எண்டு இருந்ததுதான், ஆனா சனம் நிண்டது.

போன வருஷம் மாசி மாசம் பெரிய கோச் தனக்கு இனி ஏலாது எண்டு எழுதித் தந்திட்டார். அந்தப் பதவியை ரெண்டு பேர் கேட்டவை. ஒண்டு மைதிலி. மற்றது ஜேர்மனியில இருந்து சுகந்தன் எண்டு ஒருத்தர். நல்லா விளையாடினவர், அங்க மூண்டாம் பிரிவிலயோ என்னவோ. தமிழ் கொஞ்சம்தான்.

கூட்டத்துக்கு முதல்நாள் மைதிலி வீட்டை வந்தாள். தாயோட கதைச்சிட்டு என்னட்ட வந்து இருந்தாள். 'அப்பா, ஒண்டு கேக்கிறன் செய்வியளோ?' எண்டாள். என்னட்ட வோட் கேக்கப்போறாள் எண்டு நினைச்சு, நான் முகத்தை இறுக்கி வைச்சிருந்தன். அவள் சொன்னாள், 'எனக்குப் போட வேண்டாம். எதிராயும் போட வேண்டாம். வோட் எடுக்கிற நேரம் எழும்பி வெளியில போய் நில்லுங்கோ. அது காணும்.' சரி பிள்ளை எண்டன். சத்தியமா அப்பிடிச் செய்யிறதெண்டுதான் நினைச்சிருந்தனான்.

நாங்கள் கூட்டம் வைக்கிற ஹோல், கலியாணம் நடத்திற ஹோல் தம்பி. நடுவில மடிச்சு இழுக்கிற பலகைச் சுவர். அங்கால மைதிலியும் சுகந்தனும் இருக்கினம், இஞ்சால நாங்கள் ஒன்பது பேர். எங்கட கொமிற்றியில எப்பவும் கை உயர்த்தித்தான் வோட். பேப்பரில எழுதிப் போடுறேல்லை. ஒளிக்கிறதுக்கு ஒண்டும் இல்லை எண்டு நான்தான் அந்த வழக்கத்தைக் கொண்டுவந்தனான்.

நேரம் வந்துது. நான் சொன்னபடி எழும்பினன். கதவு வரைக்கும் போனன். கதவில கை வைச்சிட்டன் தம்பி. அப்ப செயலாளர், பத்மசீலன் எண்டு ஒருத்தர், பக்கத்தில இருந்தவருக்குச் சொல்லுறார். மெல்லமாச் சொல்லுறார், ஆனா எனக்குக் கேக்க வேணுமெண்டுதான் சொல்லுறார். 'ஐயா எல்லாருக்கும் சொல்ல வேண்டியதைச் சொல்லிப்போட்டுத்தான் இப்ப வெளியில போறார்.' ரெண்டு பேர் சிரிச்சவை.

எனக்கு எப்பிடி இருக்கும், சொல்லுங்கோ? சொந்த ஊருக்குப் பெனால்ரி குடுத்தவன் நான். என்னைப் பாத்து. நான் திரும்பி வந்து கதிரையில இருந்தன். 'தலைமை இருந்துதான் நடத்தும், எடுங்கோ வோட்டை' எண்டன்.

மைதிலிக்கு நாலு கை. சுகந்தனுக்கு நாலு கை. எட்டுப் பேரும் என்ர முகத்தைப் பாக்கினம்.

நான் எழும்பி நிண்டு சொன்னன். ஒவ்வொரு சொல்லும் இப்பவும் நினைவிருக்கு. 'உறவுகளே, இந்தக் கதிரையில இருக்கேக்க எனக்கு மகளும் இல்லை, மனிசியும் இல்லை. என்ர மகள் ஆசைப்படலாம். ஆனா இந்தப் பொறுப்பைத் தாங்க அவளுக்கு வலு காணாது. இருபத்துமூண்டு பெடியளைக் கட்டி மேய்க்க ஒரு பொம்பிளைப் பிள்ளையால ஏலாது. தகப்பன் நானே சொல்லுறன். என்ர கை சுகந்தனுக்கு' எண்டு கையைத் தூக்கினன்.

எழும்பினவை தம்பி. ஒருத்தர் ரெண்டு பேர் இல்லை, எல்லாரும் எழும்பிக் கைதட்டினவை. மைதிலிக்குப் போட்ட ஆக்களும் தட்டினவை. பத்மசீலன் வந்து என்ர கையைப் பிடிச்சு, 'ஐயா, மன்னிச்சுக்கொள்ளுங்கோ, உங்களைப் பிழையா நினைச்சிட்டன்' எண்டார். கண் கலங்கினவர். அது வேற சந்தோஷம். அதை நான் மறைக்கேல்லை. நாப்பத்தஞ்சு வருஷத்துக்குப் பிறகு எனக்கு அப்பிடிக் கைதட்டு.

அந்தப் பலகைச் சுவர் மெல்லிசு எண்டு எனக்கு அந்த நேரம் நினைவு வரேல்லை.

இழுத்துத் திறந்தவை. மைதிலி எழும்பி நிக்கிறாள். முகத்தில ஒண்டும் இல்லை. சுகந்தனுக்குக் கை குடுத்தாள். தன்ர பையில இருந்து அந்தக் கொப்பியை எடுத்தாள், தாய்மாரிட்டக் கேட்டு எழுதின கொப்பி. எந்தப் பெடியனுக்கு எந்தக் காலில நோவு, ஆர் நித்திரை கொள்ளாட்டி அடுத்தநாள் விளையாடமாட்டான், எல்லாம் அதில. 'இது உங்களுக்கு உதவும்' எண்டு சுகந்தனிட்டக் குடுத்தாள். அவர் வாங்கி விரிச்சுப் பாத்தார். அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது.

பிறகு என்னட்ட வந்து, 'அப்பா, வாங்கோ, வீட்டை கொண்டுபோய் விடுறன்' எண்டாள். காரில ஏத்தினாள். என்ர முழங்காலுக்குக் குளிர் ஆகாது எண்டு அந்தப் பக்கம் சூட்டைக் கூட்டிவிட்டாள். பாத்தியளே, கோவமில்லை எண்டு நினைச்சன். நான் வளர்த்த பிள்ளை, நியாயம் விளங்கும் எண்டு நினைச்சன். வாசலில இறக்கிவிட்டாள். உள்ளுக்கு வரேல்லை. அண்டையில இருந்து இண்டை வரைக்கும் எங்கட வீட்டுப் படி ஏறேல்லை. தாயோட போனில கதைப்பாள். நான் எடுத்தால், 'அம்மாட்டக் குடுங்கோ' எண்டுவாள். அவ்வளவுதான்.

அடுத்தநாள் காலமை மனிசி தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைச்சிட்டு முன்னால இருந்தா. பாக்கியம் எண்டு பேர், அதிகம் கதைக்கிற ஆள் இல்லை. மைதிலி போன் எடுத்துச் சொல்லிப்போட்டாள் போல. 'உங்களுக்கு ஒண்டு சொல்லோணும், நாப்பத்தஞ்சு வருஷமாச் சொல்லேல்லை' எண்டா. 'அண்டைக்கு அந்த ஃபைனலில பந்து பட்டது என்ர தம்பியின்ர நெஞ்சில. கையில இல்லை. நான் கோலுக்குப் பின்னாலதான் நிண்டனான்.'

நான் சொல்ல மறந்துபோனன், அண்டைக்குக் கையில பந்து பட்ட பெடியன் பாக்கியத்தின்ர தம்பி. அப்ப எங்களுக்குக் கலியாணம் ஆகேல்லை, அவ எனக்கு மச்சாள் முறை. அவன் அதுக்குப் பிறகு பந்து அடிக்கேல்லை. கடலுக்குப் போனான். அது வேற கதை. ஆனா நீங்கள் யோசிச்சுப் பாருங்கோ, கோலுக்குப் பின்னால நிண்டு பாத்தால் நெஞ்சு மாதிரித்தான் தெரியும். நான் நடுவில நிண்டனான். நான் ரெஃபரி. எனக்குத் தெரியாதோ? அப்பிடித்தான் அவவுக்கும் சொன்னன். அவ தேத்தண்ணிக் கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளுக்குப் போனா. நான் குடிக்கவும் இல்லை, நிறையக் கிடந்துது.

சரி, விளையாட்டுக்கு வாறன். ஆனி மாசம் நடந்துது. மூண்டு ஆட்டம், மூண்டும் தோல்வி. கடைசி ஆட்டம் அஞ்சுக்குப் பூச்சியம். நான் அங்க இருந்தனான். சுகந்தன் கெட்டவர் இல்லைத் தம்பி, அவரும் படாத பாடுபட்டவர். ஜேர்மனில கத்திறார். ஜேர்மனிப் பெடியள் ஒரு பக்கம் ஓடுறாங்கள், மற்றவங்கள் ஆளை ஆள் பாக்கிறாங்கள். நோர்வேப் பெடியன் ஒருத்தன் நடு மைதானத்தில கையை விரிச்சுக்கொண்டு நிக்கிறான், என்ன செய்ய எண்டு. இடைவேளையில கோல்கீப்பர் பெடியன் மைதிலிக்குப் போன் எடுத்தவனாம். 'அக்கா, என்ன செய்யிறது, சொல்லுங்கோ' எண்டு அழுதவனாம். அவள் சொன்னாளாம், 'உங்கட கோச் சொல்லுறதைக் கேள் மோனை' எண்டு. சொல்லிப்போட்டு வைச்சிட்டாளாம். வேற ஆராயிருந்தால் இதுதான் சாட்டெண்டு வாய்க்கு வந்ததைச் சொல்லியிருப்பினம். என்ர பிள்ளை சொல்லேல்லை.

சுகந்தன் விலகிட்டார். பழையபடி கதிரை வெறுமையாப் போச்சு. இப்ப கொமிற்றி முழுக்க ஒரே பாட்டு, மைதிலியைக் கொண்டாங்கோ எண்டு. பத்மசீலன் எனக்கு ஒவ்வொருநாளும் போன், 'ஐயா, பிள்ளையிட்டச் சொல்லுங்கோ, விண்ணப்பம் போடச் சொல்லுங்கோ, இந்த முறை ஒன்பது கையும் அவவுக்குத்தான்' எண்டு. எல்லாரும் சேர்ந்து கேக்கேக்க நான் போகலாம்தானே? நானாப் போய்க் கேக்கேல்லை. சபை கேட்டுப் போறன். ஒருத்தரும் ஒண்டும் சொல்லேலாது.

போன ஞாயிற்றுக்கிழமை நானும் பாக்கியமும் போனம். பதினொராம் மாடியில இருக்கிறாள். கதவைத் திறந்து, 'வாங்கோ' எண்டாள். மெலிஞ்சுபோனாள் தம்பி. முகமெல்லாம் குளிரில வெடிச்சுக் கிடக்கு. எனக்குப் பாக்க ஏலாமல் கிடந்துது. ஏன் பிள்ளை இப்பிடிக் கறுத்துப்போனாய் எண்டு கேட்டன். ஒரு வருஷமா வேலை முடிய ஒவ்வொரு பின்னேரமும் ஒரு பெடியள் ரீமைப் பழக்கிறாளாம். பதினெட்டு வயசுப் பெடியள், சரியான குழப்படியளாம், வேற ஆரும் எடுக்காத ரீமாம். சினோவிலயும் மழையிலயும். அந்த ரீம் இப்ப தங்கட லீக்கில முதலாவதாம். அதை அவள் சொல்லேல்லை, பாக்கியம்தான் சொன்னா.

நான் சபை சொன்னதைச் சொன்னன். ஒன்பது கையும் உனக்குத்தான் எண்டன். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, 'அப்பா, ஒண்டு கேக்கிறன், உண்மையைச் சொல்லுங்கோ' எண்டாள். 'அண்டைக்கு எனக்கு வலு காணாது எண்டியள். பெடியளைக் கட்டி மேய்க்க ஏலாது எண்டியள். அதை நம்பித்தான் சொன்னியளோ?'

இதில யோசிக்க என்ன இருக்கு? நான் எவ்வளவு காலமாச் சொல்லோணும் எண்டு வைச்சிருந்ததைச் சொல்ல இதைவிட நல்ல நேரம் வருமோ? நான் சொன்னன், 'விசரே பிள்ளை உனக்கு? நீதான் திறம் எண்டு எனக்குத் தெரியாதோ? உனக்குக் கிட்டவும் சுகந்தன் வரமாட்டான். அவன் என்ன, இந்த உலகத்தில எங்கட பெடியளுக்கு உன்னை விட்டால் வேற கோச் இல்லை. எனக்கு அண்டைக்கே தெரியும். சனம் கதைக்கக்கூடாது எண்டுதான் அப்பிடிச் சொன்னனான்.'

சந்தோஷப்படுவாள் எண்டு நினைச்சன் தம்பி. பிறந்த நாளில இருந்து நான் அவளை அப்பிடி முகத்துக்கு நேர புகழ்ந்ததில்லை. அதுதான் முதல் தரம்.

அவள் சொன்னாள். சத்தமாச் சொல்லேல்லை, ஏசேல்லை. 'அப்பா, ஒரு வருஷமா எனக்கு என்ன குறை எண்டு தேடிக்கொண்டு திரிஞ்சன். குளிருக்குள்ள நிண்டு தேடினன். என்ர அப்பா ரெஃபரி, பிழையாச் சொல்லமாட்டார், எனக்கு ஏதோ குறை இருக்கத்தான் வேணும் எண்டு நினைச்சன்.' வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். முழங்கால் போன நாளில கூட அழாத பிள்ளை.

நான் இன்னொருக்காச் சொன்னன், 'அதைத்தானே பிள்ளை சொல்லுறன், உனக்கு ஒரு குறையும் இல்லை' எண்டு. பாக்கியம் என்ர கையைப் பிடிச்சு, 'கதைக்காதேங்கோ' எண்டா. 'இனிக் கதைக்காதேங்கோ.'

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்துதான் மைதிலி மறுமொழி சொன்னாள். 'அந்த வேலை எனக்கு வேணும் அப்பா. அந்தப் பெடியளை நான் ஒரு நாளும் மறக்கேல்லை. ஆனா நீங்கள் அந்தக் கதிரையில இருக்குமட்டும் நான் விண்ணப்பம் போடமாட்டன். நீங்கள் கை தூக்கிறதைப் பாக்க இனி என்னால ஏலாது, எனக்காகத் தூக்கினாலும்.'

நான் சப்பாத்துப் போட்டன். பாக்கியம் எழும்பேல்லை. 'நீங்கள் போங்கோ, நான் ரெண்டு நாள் பிள்ளையோட நிண்டிட்டு வாறன்' எண்டா. இண்டைக்கு ஆறு நாள். சோறு காய்ச்சத் தெரியாது எனக்கு, கடையில வாங்கிற பாண்தான் சாப்பிடுறன். அதைப் பற்றி ஒண்டுமில்லை. வீட்டில சத்தமில்லை தம்பி, அதுதான் ஏலாமக் கிடக்கு. என்ர பிள்ளை அழுதது கண்ணுக்குள்ளயே நிக்குது. திறம் எண்டு சொன்னதுக்கு ஒரு பிள்ளை அப்பிடி அழுமோ? நீங்கள் படிச்ச ஆள் மாதிரித் தெரியுது, சொல்லுங்கோ, நான் அதில என்ன பிழையாச் சொன்னன்?

என்ன சொல்லுறியள்? விலகிறதோ? நானோ?

இண்டைக்கு மூண்டு மணிக்கு எழும்பி, நான் தலைமையில இருந்து விலகிறன் எண்டு சொன்னால் நாலு மணிக்கு அவள் விண்ணப்பம் போட்டிடுவாள். அது எனக்குத் தெரியும். பெடியளுக்கும் கோச் கிடைக்கும். பாக்கியமும் வீட்டை வந்திடுவா. எல்லாம் தெரியும் தம்பி, ஆறு நாளா இதைத்தானே யோசிச்சுக்கொண்டு கிடக்கிறன். பேப்பரில எழுதியும் வைச்சிருக்கிறன். இந்தா, இந்தப் பைக்குள்ளதான் கிடக்கு.

ஆனா நீங்களே யோசிச்சுப் பாருங்கோ. நான் விலகி, அடுத்த நாளே அவள் கோச்சா வந்தால், சனம் என்ன சொல்லும்? மகளுக்காக விலகினான் எண்டெல்லோ சொல்லும்.

ஹோல் வந்திட்டுது, அந்த மணிக் கயித்தை ஒருக்கா இழுத்துவிடுங்கோ தம்பி. நான் இறங்கோணும்.